பெட்டிக்குள் பட்டன்

போன வாரம் தையலக்காவை ஸ்பீக்கர் அறையின் வாசலில், கையால் வாயைப் பொத்தியபடி நிற்கவைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

அவள் கண்டது இதுதான். அவள் கணவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே வீட்டு நாய் பட்டன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். அதிலிருந்து பட், பட், படபட என்று வெடிச்சத்தம். வெடி என்றாலே குலைநடுங்குகிற நாயை அறையில் அடைத்து, வெடிச்சத்தம் போட்டுக் காட்டுகிற மனிதரை என்னவென்று சொல்வது?

அவரிடமே சொல்லவும் வழியில்லை. பதினொரு மாதமாக அந்த வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

நேரே போய் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் சிரித்தாள். "அண்ணி, அது சித்திரவதை இல்ல, பாடம். மிருக டாக்டர் சொல்லிக் குடுத்தது. முதல்ல காதுக்கே எட்டாத சத்தம், ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு கோழிக்கறி. தினம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். ரெண்டு மாசமா நடக்குது. உங்ககிட்ட சொன்னா நீங்க கறியை நிறுத்திடுவீங்கன்னு அண்ணனுக்குப் பயம்."

கோபப்படத் தயாராக வந்தவளுக்குக் கோபப்பட ஒன்றும் கிடைக்காவிட்டால் அது ஒரு தனி எரிச்சல்.

இந்த வீட்டுச் சமாசாரம் தெரியாமல் இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. தையலக்கா ஆஸ்பத்திரித் தையல் பிரிவில் வேலை செய்பவள். ஆபரேஷன் அங்கிகளும் படுக்கை விரிப்புகளும் அவள் மெஷினுக்கு வராமல் எங்கும் போவதில்லை. கணவர் சவுண்டு சர்வீஸ்காரர். மைக், ஸ்பீக்கர், ஆளுயரப் பெட்டிகள் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஊர் முழுக்கச் சத்தம் கொடுப்பவர் வீட்டில் வாயே திறக்கமாட்டார். நாத்தனார் அவருடைய தங்கை, டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரம்மா. புருஷன் வீடு ஒத்துவராமல் இரண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகிறது. போக்கிடம் வேறு இல்லை.

அவள் வந்த இரண்டாம் மாதம்தான் அது நடந்தது. ஊர் அணி கோப்பை ஜெயித்ததென்று ஒரு சாயங்காலம் திடீரென்று வாணவேடிக்கை. பட்டன் பயந்து ஓடியது. கேட் திறந்து கிடந்தது. நாலாம் நாள்தான் கிடைத்தது, பின்னங்கால் ஒன்று முறிந்து.

அது காணாமல் போன அன்று தையலக்கா ஹாலில் நின்றுகொண்டு, கேட்டைத் திறந்து போட்டது யாராக இருந்தாலும் சரி, இனி அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கமாட்டேன் என்று கத்தினாள். உடனே அவர் சொன்னார்: "நான்தான். வேன்ல பெட்டி ஏத்தினேன், மறந்துட்டேன். நாய்தானே, வந்துடும்."

வீட்டைவிட்டு யாரும் போகவில்லை. ஆனால் அந்த 'நாய்தானே' அவள் நெஞ்சில் போய்த் தைத்துவிட்டது. இனிமேல் என்னிடம் பேசாதீர்கள் என்றாள். அந்த மனிதரும் சொன்ன பேச்சைக் கேட்டுத் தொலைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை எல்லாப் பேச்சும் நாத்தனார் வழியாகத்தான். தொட்டி நிரம்பிவிட்டதா என்று மாடியில் இருப்பவரைக் கேள். மோட்டாரை நிறுத்தச் சொல் கீழே இருப்பவளை. நாத்தனார் சம்பளமில்லாத தபால்காரியாகிவிட்டாள்.

இனி இன்றைய கதை.

இன்று புதுப் பாலத்தின் திறப்பு விழா. ஏழரைக்கு வாணவேடிக்கை, அதுவும் அரை மணி நேரம். விழாவுக்குச் சவுண்டு யார்? நம்ம ஆள்தான். ஆற்றங்கரைச் சாலை முழுக்க விளக்குக் கம்பத்துக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டு, விடிந்ததிலிருந்து மேடையிலேயே கிடந்தார்.

தையலக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து உட்காரவில்லை. ஜன்னலைச் சாத்துவாள், போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி அதே ஜன்னலைச் சாத்துவாள். கேட் கொண்டியை மட்டும் ஐந்து தடவை இழுத்துப் பார்த்தாள். ஆறாவது தடவை போனபோது, "அண்ணி, அது கழண்டு கையோட வந்துடும்" என்றாள் நாத்தனார்.

மாடிப்படிக்கு அடியில் பட்டனுக்கு ஓர் ஒளிவிடம் தயாரானது. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கம்பளிகளை மூன்று பக்கமும் தொங்கவிட்டாள். பட்டன் உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற மாதிரி பச்சை ஆபரேஷன் துணியில் ஒரு சட்டையும் தைத்திருந்தாள். இறுக்கிப் பிடித்தால் நாய்க்குத் தைரியம் வருமென்று டாக்டர் சொன்னாராம். போட்டுப் பார்த்ததில் பட்டன் ஏதோ பெரிய சர்ஜன் மாதிரி இருந்தது.

டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் ஒரு சீட்டில் எழுதி, மாத்திரையோடு சேர்த்து அலமாரியில் வைத்திருந்தாள். மாத்திரை சரியாக ஒரு மணி நேரம் முன்னால், அதாவது ஆறரைக்கு. வெளிச்சம் இருக்கும்போதே நடை, நன்றாகக் களைத்துப் போகட்டும். போகும்போது கழுத்துப் பட்டையில் ஒன்று, மார்புப் பட்டையில் ஒன்று என்று இரண்டு கயிறு. நடுங்கினால் திட்டக்கூடாது, ஒளிந்தால் இழுக்கக்கூடாது.

கணவரும் தன் பங்குக்கு, தங்கை மூலம்தான், இரண்டு மணி நேர மழைச்சத்தம் ஒன்றைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அதைத் தையலக்காவின் போனில் ஏற்றி, ஒளிவிடத்துக்குள் ஸ்பீக்கரோடு இணைத்து வைத்தாயிற்று. வெளிச்சத்தம் அமுங்குமாம்.

பன்னிரண்டரைக்கு வாணவேடிக்கைக்காரர்கள் சோதனைக்காக ஒரே ஒரு வெடியை விட்டார்கள்.

வானத்தில் 'பட்' என்ற சத்தம் வந்தபோது பட்டன் காதை மட்டும் அசைத்தது. அட, பாடம் பலித்துவிட்டதே என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் தரை வழியாக ஒரு 'தொம்' வந்தது. தட்டுகள் கிணுகிணுத்தன. பட்டன் கால்களைப் பரப்பிப் படுத்து, நகத்தால் தரையைப் பிறாண்டி, வாயில் எச்சில் ஒழுக நடுங்கியது.

தையலக்காவுக்கும் அந்த 'தொம்' உள்ளங்காலில்தான் ஏறியது. நாளெல்லாம் மெஷின் மிதிக்கிற காலாயிற்றே, அதற்குத் தெரியும். இந்தத் தொம்மை உள்ளங்கை அகல ஸ்பீக்கர் எங்கே கொடுக்கப்போகிறது? தரையையே அதிரவைக்கிற ஆளுயர பேஸ் பெட்டிகளைத் தூக்கித் தூக்கியே தோள் இறங்கிப்போன மனுஷன், நாய் பயப்படக்கூடாதே என்று பார்த்துப் பார்த்து, இருப்பதிலேயே சின்ன ஸ்பீக்கரை எடுத்திருக்கிறார். பட்டன் பாடத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறது.

"சொல்லு உங்க அண்ணன்கிட்ட" என்றாள். நாத்தனார் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டதாம். அப்புறம் ஒரு யோசனை சொன்னார். பெரிய பேஸ் பெட்டியை ஏற்றிப் போகிற மரக்கூடு ஒன்று ஸ்பீக்கர் அறையில் காலியாகக் கிடக்கிறது, உள்ளே நாலு பக்கமும் ஒரு சாண் ஃபோம், அதிர்வு ஏறாது, பட்டனை அதில் படுக்க வைக்கலாம்.

தையலக்கா கம்பளிகளைப் பார்த்தாள். தன் கையால் கட்டியது. "நான் கட்டினதே போதும்னு சொல்லு. அவர் பெட்டியை அவரே வச்சுக்கட்டும்" என்றாள். வீம்பு வந்தால் நம்ம அக்காவுக்குக் கண் தெரியாது.

ஐந்தேகாலுக்கு இரண்டு கயிற்றையும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போன் ஒளிவிடத்துக்குள் மழை பெய்துகொண்டிருந்தது, அதை எடுக்கவில்லை. நாத்தனார் ஸ்டூல்மேல் ஏறிக் கடைசிக் கம்பளியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆற்றங்கரைச் சாலையில் கூட்டம் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தையலக்கா எதிர்த்திசையில் நடந்தாள். பட்டன் பின்னங்காலை இழுத்து இழுத்து, ஆனாலும் ஒரு கம்பத்தையும் விடாமல் மோந்துகொண்டு வந்தது. கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. மேகம் கறுத்து வந்தது. வீட்டைவிட்டு நன்றாகத் தள்ளி வந்துவிட்டோம், திரும்பலாம் என்று நினைத்தபோது பாட்டு சட்டென்று நின்றது.

"ஹலோ. ஹலோ. மைக் டெஸ்ட்டிங்."

அவர் குரல்தான். எல்லாக் கம்பத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

"ஒரு முக்கியமான அறிவிப்பு. மழை வர்ற மாதிரி இருக்கறதால வாணவேடிக்கை ஏழரைக்கு இல்ல. ஆறேகாலுக்கே ஆரம்பிக்குது. நாய், பூனை, பறவை வச்சிருக்கவங்க இப்பவே உள்ள கொண்டு போயிடுங்க. கதவு, ஜன்னல் சாத்திக்குங்க."

தையலக்கா கடையொன்றின் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஐந்து ஐம்பது. மாத்திரை கொடுக்கவில்லை. கையில் போன் இல்லை. இந்த இடத்தில் முதல் வெடி வெடித்தால் இரண்டு கயிறல்ல, இருபது கயிறு இருந்தாலும் தாங்காது.

ஸ்பீக்கர் கரகரத்தது. அறிவிப்பு முடியவில்லை போலிருக்கிறது.

"இந்தாம்மா..."

சாலையில் போன பெண்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். தையலக்கா மட்டும் அப்படியே நின்றுவிட்டாள். அவளை அவர் கூப்பிடுவது அப்படித்தான். பதினொரு மாதமாகக் கேட்காத இந்தாம்மா.

"பட்டனை இந்த நேரத்துக்கு வெளிய கூட்டிட்டுப் போயிருப்ப. போன் அடிச்சேன், ரெண்டு பேரும் எடுக்கல. ஓடாத, அதுவும் ஓட ஆரம்பிச்சிடும். கயிற்றைக் கையில ரெண்டு சுத்து சுத்திக்க. வேகமா நட." மூச்சு வாங்குகிற சத்தம் ஊருக்கே கேட்டது. "அப்புறம்... நாய்தானேன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. அது தப்பு. அன்னைக்கே..."

டொக். யாரோ மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்றது வேறு ஒரு குரல். மறுபடி பாட்டு.

பக்கத்தில் கிளிக்கூண்டை உள்ளே எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, யார் வீட்டுப் புண்ணியவானோ என்று சிரித்தாள். தையலக்காவுக்கு முகம் சூடாகிவிட்டது. வெட்கமா, கோபமா, அழுகையா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள். முட்டி வலித்தது. பட்டனுக்கோ ஒரே குஷி, அம்மா இவ்வளவு சுறுசுறுப்பாக நடந்து அது பார்த்ததே இல்லை.

பாதி வழியில், கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிரைவிங் ஸ்கூல் கார் வந்தது. கூரையில் 'எல்' பலகை. நாத்தனார் எட்டிக் கதவைத் திறந்தாள். மழைச்சத்தத்தில் போன் மணியே கேட்கவில்லையாம். ஸ்டூலைவிட்டு இறங்கிப் பார்த்தால் அண்ணனிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்பு. சொல்லும்போதே குரல் உடைந்தது. அவளுக்குப் பதற்றம் வந்தால், மாணவருக்கு ஒன்று வாத்தியாருக்கு ஒன்று என்று அந்தக் காரில் இருக்கிற இரண்டு பிரேக்கில் எதை மிதிப்பதென்றே தெரியாது. கார் குதித்துக் குதித்துப் போனது.

ஆறு எட்டுக்கு வீடு. கேட்டைத் தையலக்காவே பூட்டினாள். இப்போது மாத்திரை கொடுத்து ஒரு பயனும் இல்லை, வேலை செய்வதற்குள் வேடிக்கையே முடிந்துவிடும். பச்சைச் சட்டையை மாட்டி, பட்டனை மாடிப்படிக்கு அடியில் விட்டு, கம்பளியை இழுத்துவிட்டாள்.

முதல் வெடி. பட். பட்டன் காதை அசைத்தது.

தொம்.

அவ்வளவுதான். பட்டன் கம்பளியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சுவரில் மோதியது. மேஜைக்கடியில், கட்டிலுக்கடியில், வாசல் கதவில் என்று எங்கெல்லாமோ முட்டியது. அடுத்த தொம். நகங்கள் கதவைப் பிறாண்டின. ஒரு நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. போன வருஷம் இப்படித்தான் ஓடியிருக்கும்.

தரைதான் அதற்கு எதிரி. கம்பளி காதை மூடும், தரையை என்ன செய்யும்?

வீம்பெல்லாம் எங்கே போயிற்றோ. "அந்தப் பெட்டி" என்றாள். "உங்க அண்ணன் பெட்டியைக் காட்டு."

பட்டனை வாரித் தூக்கினாள். பதினெட்டு கிலோ, துள்ளுகிற பதினெட்டு கிலோ. ஸ்பீக்கர் அறையின் மூலையில் பேஸ் பெட்டியின் மரக்கூடு படுத்துக் கிடந்தது. உள்ளே கறுப்பு ஃபோம். அதற்குள் ஏற்கெனவே அவருடைய பழைய சட்டை ஒன்று விரித்து வைத்திருந்தது. வீட்டில் யாரும் செய்யவில்லை, காலையில் போகும்போதே அவர்தான் வைத்திருக்க வேண்டும். பன்னிரண்டரைக்குச் சொன்னது, திடீரென்று வந்த யோசனை அல்ல.

பட்டனோடு அவளும் உள்ளே நுழைந்தாள். இடுப்புவரைதான் பெட்டி கொண்டது. கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நாத்தனார் ஒரு மெத்தையை இழுத்து வாயிலில் சாத்தினாள்.

தொம் வந்தது. ஆனால் அடுத்த தெருவில் வருகிற மாதிரி வந்தது. பட்டன் நடுங்கியது. இன்னொரு தொம். நடுங்கியது. அதன் மூக்கு அவர் சட்டைக்குள் புதைந்திருந்தது. தையலக்கா அதைத் தடவவுமில்லை, கொஞ்சவுமில்லை. நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தான் பாட்டுக்கு மூச்சு விட்டாள். எத்தனை தொம் என்று எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டாள். அதற்குப்பிறகு எப்போதோ, பட்டன் அவள் முழங்கையை ஒரு தடவை நக்கியது. அப்போதுதான் அவள் அழுதாள்.

ஆறே முக்காலுக்கு எல்லாம் ஓய்ந்தது. ஓய்ந்த கையோடு நிஜ மழை பிடித்துக்கொண்டது. பட்டன் தூங்கிப்போயிருந்தது, பச்சைச் சட்டையும் எச்சிலுமாக.

தையலக்கா பெட்டியிலிருந்து பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தாள். நாத்தனார் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கார் இல்லாமலே அவள் வலதுகால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

தையலக்காவுக்கு என்னவோ சிரிக்க வேண்டும்போல் இருந்தது. பதினொரு மாதத்துக்குப் பிறகு மனசு லேசாகியிருந்தது. நாத்தனாரின் பக்கத்தில் போய்ச் சரிந்து உட்கார்ந்தாள். ஊர் கூடியிருக்கிற மேடையில் அந்த மனுஷன் மானத்தை விட்டுப் பேசியிருக்கிறார், இனி விழாக் காண்டிராக்ட்காரன் இவரைக் கூப்பிடுவானா என்று கவலைப்பட்டாள். கவலையிலும் ஒரு பெருமை இருந்தது.

"ஆனா பாரேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. "ஊருக்கே கேக்கற மாதிரி மன்னிப்புக் கேட்டாரு. நாய்தானேன்னு சொன்னதுக்குக் கேட்டாரு. கேட்டைத் திறந்து போட்டதுக்கு ஒரு வார்த்தை கேட்டாரா உங்க அண்ணன்? அதுக்குள்ள மைக்கைப் பிடுங்கிட்டாங்களா, இல்ல வேணும்னே விட்டுட்டாரா?"

நாத்தனார் சிரிக்கவில்லை. மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"அவர் எதுக்கு அண்ணி அதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

தையலக்கா அவளைப் பார்த்தாள்.

"அன்னைக்கு வேன் கேட்டுக்கு வெளியதான் நின்னுச்சு. அவர் பெட்டி ஏத்தி முடிச்சு, சாத்திட்டுத்தான் உள்ள வந்தாரு. அதுக்கப்புறம் கார் எடுத்துட்டு வந்தது நான். போன் அடிச்சுது, அவசரமா உள்ள ஓடினேன். சாத்தல." அவள் குனிந்துகொண்டாள். "நீங்க ஹால்ல நின்னு, இனி ஒரே வீட்ல இருக்கமாட்டேன்னு சொன்னீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அண்ணன் நான்தான்னுட்டாரு. நான் வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது அண்ணி. எனக்கு வேற எங்க போறதுன்னு தெரியல."

பதினொரு மாதம். தொட்டி நிரம்பிவிட்டதா என்று கேள். மோட்டாரை நிறுத்தச் சொல். ஒவ்வொரு வார்த்தையையும் இந்தப் பெண் சுமந்துகொண்டு மாடிக்கும் ஹாலுக்கும் ஏறி இறங்கியிருக்கிறாள். மாடியில் அந்த மனுஷன் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

தையலக்காவுக்குக் கோபம் வர வேண்டும். எந்தப் பக்கம் திரும்பிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. இவள்மேலா? மறைத்த அவர்மேலா? விசாரிக்கும் முன்னே தீர்ப்புச் சொன்ன தன் வாய்மேலா?

மழையின் ஊடே, தெருவில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஹாரன் ஒரு தடவை அடித்தது. பெட்டிக்குள் பட்டன் தூக்கத்திலேயே வாலை ஆட்டியது. தையலக்கா பூட்டிய கேட் பூட்டியபடி இருந்தது. சாவி அவள் மடியில் இருந்தது.

ஹாரன் இரண்டாம் தடவை அடித்தது. இருவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.